சம்ப்பில் விட்ட கெளுத்தி

அன்று காலை அறையில் அந்த வாடை இல்லை.

கதவை ஒருக்களித்துத் திறந்த தேவகிருபை அப்படியே நின்றுவிட்டாள். நான்கு வருடமாக, விடிந்ததும் அவளை முதலில் எதிர்கொள்வது அந்த வாடைதான். கணவனின் இடது பாதத்தில் ஆறாமல் கிடக்கும் சர்க்கரைப் புண்ணின் வாடை. அழுகிய கொய்யாவும் மருந்துத் தண்ணீரும் ஈரத்துணியும் கலந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகாது, சாம்பிராணி போட்டாலும் போகாது. வீட்டின் முன்பக்க மளிகைக் கடையில் மிளகாய் மூட்டையைப் பிரித்து நிற்கும்போதுகூட அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும். இன்றைக்கு அது இல்லை. அறையில் ஈர மண்ணின் வாசம் இருந்தது. அதற்கும் அடியில், நாள்பட்ட பாசியைப்போல ஏதோ ஒன்று மெல்லிசாக இருந்தது.

வெள்ளத்துரை மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து, பால் குடித்து முடித்த பிள்ளையைப் போல முகம் தெளிந்திருந்தது. தேவகிருபை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, ரப்பர் உறையைக் கையில் மாட்டிக்கொண்டு கட்டைப் பிரிக்கக் குனிந்தாள். முடிச்சு உள்பக்கமாக இருந்தது. அவள் எப்போதும் வெளிப்பக்கம்தான் முடிவாள். துணி நனைந்து, பிழிந்ததுபோலச் சுருண்டிருந்தது.

உள்ளே புண் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிக் கறுத்துக் கிடந்த தோல் இல்லை. மஞ்சளாகப் படிந்திருந்த சீழ் இல்லை. கத்தரிக்கோலால்கூட அத்தனை ஒழுங்காக எடுக்க முடியாது என்பதுபோல ஓரம் வழித்து, இளஞ்சிவப்பாக, பச்சைக் குழந்தையின் ஈறு மாதிரி இருந்தது. அவள் முதலில் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மனசுக்குள் ஏதோ இடறியது.

ஒன்பது மணிக்கு ரமாபாய் வந்தாள். வியாசர்பாடிக்காரி. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலடிப்பேட்டைக்கு வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். பாதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"இன்னாக்கா இது, காலு பளிச்சுனு கீது? யாரு கயிவி வுட்டது?"

"நான் ஒண்ணுமே செய்யல ரமா. காலைல பாத்தேன், இப்படி இருந்துச்சு."

"இன்னா நைனா, என்னிய வுட்டுட்டு வேற எந்த நர்ஸம்மாவ வெச்சுகினு கீற?"

வெள்ளத்துரை சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சிரித்துவிட்டு, மனைவியின் கண்ணைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகும்போது ரமாபாய் வாசற்படியில் நின்று குரலைத் தாழ்த்தினாள். "சுண்டு வெரல எடுத்தப்ப டாக்டரு இன்னா சொன்னாரு, நெனப்பு கீதா? இன்னொரு வாட்டி புண்ணு உள்ள எறங்குச்சுனா கணுக்காலோட எடுத்துருவேன்னாரு. தண்ணிகிண்ணி பட வுடாத. காலு அவருதாக்கா, ஆனா வலி அவருக்குத் தெரியாது. நீதான் பாக்கணும்."

அதுதான் தேவகிருபையின் பயம். எழுந்தால் அது, படுத்தால் அது. நாலு விரலோடாவது அந்தப் பாதம் அவருக்கு மிஞ்ச வேண்டும். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து, முப்பது வருடம் நின்றபடியே மளிகை நிறுத்துக் கொடுத்த மனுஷன். கால் போனால் அவர் படுத்துவிடுவார், படுத்தால் எழுந்திருக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் கடையை இரண்டு மணிக்குச் சாத்திவிட்டு, சாமான் அறையைத் தாண்டி வீட்டுக்குள் வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. வெளியே மழைமேகம் இறங்கி, பகல் கறுத்து, மணலி ஆலைகள் பக்கமிருந்து வரும் கந்தக வாடை காற்றில் தேங்கி நின்றது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஈரப்பலகையை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல. நிறுத்தி, நிதானமாக, மறுபடியும் சுரண்டுவதுபோல.

பின்முற்றத்தின் மூலையில் பழைய சம்ப் இருந்தது. தரைக்கடியில் செங்கல் வைத்துக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. புதுக் குழாய் வந்த பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. இப்போது அதன் இரும்பு மூடி ஒதுங்கிக் கிடந்தது. விளிம்பில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, இடது காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார் வெள்ளத்துரை. கண் மூடியிருந்தது.

"என்ன செய்யுதீங்க! தண்ணியே படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கல்லா?"

"சத்தம் போடாத கிருப. வா, இப்படி உக்காரு." கண்ணைத் திறக்காமலே சொன்னார். "எனக்குத் தெரியுது."

"என்ன தெரியுது?"

"காலு தெரியுது."

 நான்கு வருடமாக அந்தப் பாதம் அவருக்கு ஒரு மரக்கட்டை. செருப்பைத் துளைத்து ஆணி ஏறியதுகூட, கடைத் தரையில் ரத்தச் சுவடுகளைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வெந்நீர் பட்டுப் பொத்துப்போனபோதும் அப்படித்தான்.

"ஒவ்வொரு விரலாத் தெரியுது கிருப. முதல்ல கூச்சமா இருந்துச்சு. இப்ப இதமா இருக்கு. அம்மை எறங்குன பிள்ளைக்கு வேப்பிலையால வருடி விடுவாவல்லா, அந்த மாதிரி."

பிறகு அவரே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முந்தைய புயலில் கடைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது, அரிசி மூட்டைகளுக்கு இடையில் விரல் நீள மீன் ஒன்று மாட்டிக்கொண்டு கிடந்தது. மூட்டை தூக்குகிற ஆட்கள் கொக்கியால் அடிக்கப் போனார்கள். இவர்தான் தடுத்து, துண்டில் அள்ளிக்கொண்டு வந்து சம்ப்பில் விட்டார். ஊரில் புதுக் கிணறு வெட்டினால் ஒரு கெளுத்தியைப் பிடித்துவிடுவார்கள். தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும், புழு பூச்சி அண்டவிடாது. வாயோரம் இரண்டு மீசை இருந்ததைப் பார்த்து, இதுவும் கெளுத்திதான் என்று நினைத்துக்கொண்டார். போன வாரம் அதைப் பார்க்க மூடியை ஒதுக்கியபோது கால் வழுக்கி, பாதம் மட்டும் சம்ப்புக்குள் போனபோதுதான் அது வந்து தொட்டதாம்.

செய்தது நல்ல காரியம்தான். ஒரு சின்ன உயிரை அடிக்கவிடாமல் காப்பாற்றியதைத் தப்பென்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"நீயும் நாலு வருஷமா ஒறையப் போட்டுக்கிட்டுத்தானே தொடுத," என்றார், கோபமே இல்லாமல். "கொறை சொல்லல. வெறுங்கையால தொட்டாலும் எனக்கென்ன தெரியப்போவுது."

அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. அவர் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை. சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. தன்னை யாரோ கீழேயிருந்து பார்ப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மகள் அனிஷா வந்தாள். பெரம்பூரில் குடியிருக்கிறாள், கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுப்பவள். அம்மா போனில் அழுததைக் கேட்டுத்தான் வந்திருந்தாள். துணிக்கூடைக்குள் பூசணித் துண்டைக் கட்டிச் சம்ப்புக்குள் இறக்கினாள். அரைமணி நேரம் கழித்து இழுத்தபோது கூடை கனத்தது.

முழங்கை நீளத்துக்கு இருந்தது. மேலே கறுப்பும் பழுப்புமாக, மரப்பட்டையைக் கோத்துச் செய்ததுபோல் இருந்தது. துள்ளவில்லை. தரையில் படிந்து கிடந்து, பக்கத்துச் செட்டைகளை அசைத்து, கிர்ர் என்று துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு ஒலி எழுப்பியது.

"மெதுவா, மெதுவா," என்றார் வெள்ளத்துரை.

"அப்பா, கெளுத்தி ஒடம்பு எப்படி இருக்கும்?"

"வழவழன்னு."

"செதில்?"

"கெடையாது."

"இதத் தொட்டுப் பாருங்க. பூரா எலும்புத் தகடு. இதுவும் கெளுத்தி இனந்தான். ஆனா நம்ம கெளுத்தி இல்ல." அவள் முதுகுச் செட்டையை விரித்து அதன் கதிர்களை விரலால் எண்ணினாள். பத்தைத் தாண்டியது. பிறகு துணியால் பிடித்து மல்லாக்கத் திருப்பினாள். "இந்தக் குடும்பத்துல எது எதுன்னு பிரிக்க வயித்தத்தான் பாக்கணும். சிலதுக்குப் புள்ளி தனித்தனியா இருக்கும். இதுக்குப் பாருங்க, எல்லாம் சேந்து புழு நெளிஞ்ச மாதிரி கோடு."

தேவகிருபை கோடுகளைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள். அது முகத்தின் முன்னால் இல்லை, தலைக்கு அடியில் இருந்தது. வட்டமாக, சதைப்பற்றாக, ஓரமெல்லாம் மணல்மணலாகச் சொரசொரத்து, காற்றைப் பிடிக்க முயல்வதுபோல விரிந்து சுருங்கியது. முத்தம் கேட்கிற வாய்.

"தென் அமெரிக்கா மீன்ப்பா இது. கண்ணாடித் தொட்டியில அழுக்குத் திங்க விடுவாங்களே, டேங்க் கிளீனர், அதுதான். பெருசானதும் யாரோ கால்வாய்ல கொட்டியிருக்காங்க. இப்ப எங்க பாத்தாலும் இதுதான்."

"அமெரிக்கால இருந்து காலடிப்பேட்டைக்கு நடந்தா வந்துச்சு?" என்றார் வெள்ளத்துரை.

"ஈரம் இருந்தா கொஞ்சம் நகரவுஞ் செய்யும். தண்ணிய விட்டு ஒரு நாள் பூரா வெளிய கெடக்கும். காத்தக் குடிச்சு வயித்தாலயே மூச்சு விடும்." மகள் சிரிக்கவில்லை. "இதுக்குக் கடிக்கிற பல் இல்ல. சுரண்டுற பல்தான். பாசி, அழுகினது, செத்தது, எதுன்னாலும் சுரண்டித் திங்கும். ஆனா ஒரே தொட்டியில மெதுவா நீந்துற மீன் இருந்தா அது மேல ஒட்டிக்கிட்டு தோலச் சுரண்டிரும். அந்த மீன் பாட்டுக்கு நீந்திக்கிட்டே இருக்கும்."

 அனிஷா போன் விளக்கைச் சம்ப்புக்குள் அடித்தாள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, வீட்டுப் பக்கச் சுவரில், இரண்டு செங்கல் இருந்த இடம் கறுப்பாகத் திறந்திருந்தது.

"இந்தக் கல்லு எப்பம்மா விழுந்துச்சு?"

தேவகிருபைக்குத் தெரியவில்லை.

"ஆண் மீன் கரையில கொடஞ்சு பொந்து போடும். பெண் உள்ள போய் முட்டை விடும். பொரிஞ்சு குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் ஆண் அந்தப் பொந்த விட்டு நகராது. சாப்பாட்டுக்குக்கூட வெளிய போகாதும்பாங்க." விளக்கை அணைத்தாள். "ரெண்டு மீன் இருந்தாத்தான் அதெல்லாம். நீங்க விட்டது ஒண்ணுதானே?"

"ஒண்ணே ஒண்ணு," என்றார் வெள்ளத்துரை.

மகள் மீனைத் தண்ணீரில்லாத வாளியில் போட்டுத் தட்டால் மூடி, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்தாள். புறப்படும்போது அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "பாவம் பாக்காதீங்கம்மா. செத்ததும் பொதைச்சிருங்க. எந்தத் தண்ணியிலயும் விட்றாதீங்க."

மறுநாள் அறையில் வாடை திரும்ப வந்திருந்தது. வெள்ளத்துரை சாப்பிடவில்லை. பாதத்தைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார், பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல. மதியம் அழுதார். நாற்பது வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது மட்டும்தான்.

வாளிக்குள்ளிருந்து கிர்ர் என்று கேட்டது. அரைப்பகல், ஓர் இரவு, மறுபடி அரைப்பகல் போயிருந்தது. அவள் தட்டை விலக்கினாள். மீனின் மேல் காய்ந்த வரிகள் ஓடியிருந்தன. ஒரு கண் அவள் பக்கம் திரும்பியது. சாகவில்லை. இன்னும் உயிர் இருந்தது.

தேவகிருபை வாளியின் முன்னால் முழங்காலில் நின்றாள். ஒரு ஜீவனைத் தாகத்தில் துடிக்கவிட்டு எந்த முகத்தோடு ராத்திரி ஜெபம் சொல்வது? மகள் படித்தவள், சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிற அந்தச் சத்தம். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மீனைச் சம்ப்பிலேயே விட்டுவிடுவது, ஆனால் அவர் அங்கே போக முடியாமல் செய்துவிடுவது. இரண்டு பேர்மேலும் இரக்கம் காட்டியதாக இருக்கும்.

வாளியைக் கவிழ்த்தபோது மீன் கல் விழுவதுபோல விழுந்தது. கறுந்தண்ணீர் விலகி மூடியது. அது அடங்கிய பிறகும், மீன் விழுந்த இடத்தில் இல்லாமல் சுவரோரங்களில், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தண்ணீர் அசைந்தது. அவள் அவசரமாக மூடியை இழுத்துப் போட்டு, கடையிலிருந்து கல்லுப்பு மூட்டையை இழுத்து வந்து அதன்மேல் ஏற்றினாள். திடமாக இருக்கிற ஆம்பிளையே ஒற்றை ஆளாக நகர்த்தத் திணறுகிற மூட்டை.

அன்றிரவு மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. தெரு நிறைந்து, கடையின் முதல் படி மூழ்கி, இரண்டாவது படியைத் தண்ணீர் நக்கிக்கொண்டு நின்றது. ரமாபாயால் வர முடியவில்லை. அவளே கட்டு மாற்றினாள். முதல் நாள் வாடை இருந்தது.

இரண்டாம் நாள் காலை இல்லை.

அவள் முற்றத்துக்கு ஓடினாள். மூட்டை வைத்த இடத்திலேயே, வைத்த சாய்விலேயே, மழையில் கரைந்து வெள்ளையாக ஒழுகிக்கொண்டிருந்தது. மூடி நகரவில்லை. திரும்பி வந்து அறை வாசலில் நின்று அவரைப் பார்த்தாள். அதே தெளிந்த முகம்.

"எழுந்து எங்கயும் போனீங்களா?"

"எங்க போவேன் கிருப, இந்த மழையில?"

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு அவள் அவரை விட்டு நகரவில்லை.

மதியம் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அவருக்குக் காவலாகப் படுத்தாள். தலையணை வைக்காமல், கையை மடித்துக் காதைத் தரையில் வைத்தபோது சிமெண்ட் ஜில்லென்றிருந்தது. கட்டிலுக்கடியில் அது விரிசல் விட்டு, சுற்றிலும் ஈரம் கசிந்திருந்தது. வெளியே மழை. தகரத்தில் மழை, தெருத் தண்ணீரில் மழை. அதற்கெல்லாம் கீழே, காதுக்கு நேர் கீழே, தரைக்கு அந்தப் பக்கத்தில் நிதானமாகச் சுரண்டும் சத்தம். ஒன்று நிறுத்தினால் இன்னொன்று தொடங்கியது. அவள் விரல் கணுவால் தரையைத் தட்டிப் பார்த்தாள். தொம் என்றது. காலிப் பானையைத் தட்டியதுபோல.

கீழே சத்தம் நின்றது.

பிறகு, அவள் தட்டிய அதே இடத்தில், உள்ளேயிருந்து, மெதுவாக ஒரு தட்டல்.

ஐந்து மணிக்கு ரமாபாய் வழியில் இடுப்பளவு தண்ணீரைக் கடந்து வந்தாள். "நீந்திகினு வந்தேன்க்கா, ஒலிம்பிக்ல மெடல் குத்தா வாங்கிக்கலாம்," என்று புடவையைப் பிழிந்தபடி சிரித்தாள். கட்டைப் பிரித்ததும் சிரிப்பு போயிற்று. பாதத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டு தேவகிருபையைச் சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இது சுத்தம் இல்லக்கா. உள்ள வெள்ளையா நரம்பு தெரியுது. ஏதோ உள்ள வரைக்கும் பூந்து நக்கி வெச்சுகீது."

"ஆத்தா... நான்தான் ரமா, நான்தான் அத மறுபடி—"

"அழுவுறதுலாம் அப்பறம். இன்னிக்கே ஆஸ்பத்திரி. நாளிக்குன்னா கணுக்கால் இல்ல, முட்டியோட பூடும். ஆட்டோ வராது. எங்க அண்ணன் தோஸ்து ஒருத்தர்கிட்ட மூணு சக்கர மீன்பாடி வண்டி கீது, அது எந்தத் தண்ணிலயும் பூந்து வரும். அரைமணியில இட்டாறேன். நீ அய்யாவுக்கு வேட்டி மாத்தி ரெடியா வெய்யி."

அவள் போனாள். தேவகிருபை கடை ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை, ஒரு போர்வை. எல்லாவற்றையும் பைக்குள் அடைத்தாள்.  அரைமணி நேரம். அதுவரை அந்தக் கால் தரையில் படாமல் இருந்தால் போதும்.

ஐந்தரைக்குக் கரண்ட் போயிற்று.

மழைக்காலத்துச் சாயங்காலம் ஒரேயடியாகக் கவிழ்ந்தது. சாமான் அறைக்குள் மூட்டைகளெல்லாம் உட்கார்ந்திருக்கிற ஆட்களைப்போலத் தெரிந்தன. சீரகமும் மல்லியும் மணக்கிற அந்த அறையில் இப்போது பாசி வாடை மட்டும் இருந்தது. அவள் போன் விளக்கைப் போட்டாள். பின்னறையிலிருந்து பொதக் என்று ஒரு சத்தம் வந்தது. ஈரச்சோற்றைப் பாத்திரத்தில் கொட்டியதுபோல.

பிறகு தண்ணீர்ச் சத்தம்.

வீட்டுக்குள்ளே.

"என்னங்க?"

 அவள் நடந்தாள். தரை ஈரமாக இருந்தது. இன்னும் ஓரடி. கதவு.

"நீயா கிருப? வெளிச்சத்தக் கொறச்சுக்க. மிரளுது."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. கட்டிலுக்கு முன்னால் தரை இல்லை. சிமெண்ட் ஓடு ஓடாக உடைந்து உள்ளே சரிந்து, பெரிய அண்டாவின் வாயளவுக்கு ஒரு குழி. விளிம்புவரை கறுந்தண்ணீர். அதற்குள் அவருடைய இரண்டு கால்களும் முழங்கால்வரை இறங்கியிருந்தன.

"காலத் தூக்குங்க. ஆண்டவரே. காலத் தூக்குங்க!"

"உஸ்ஸ். குஞ்சு பொரிச்சிருக்கு." பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். "அவ்வளவு தூரம் கொடஞ்சு வந்திருக்கு கிருப. நான் வர முடியலன்னு. பாத்தியா?"

தண்ணீர் சும்மா இருந்தது. இல்லை. அதன் மேல்தோல் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டிருந்தது, கொதிக்கப் போகிற பாலைப்போல.

அவள் முழங்காலிட்டாள். கையைவிட்டாள். மணிக்கட்டு. முழங்கை. தண்ணீர் கதகதப்பாக இருந்தது. சின்னச் சின்ன வாய்கள். நூறோ, ஆயிரமோ. உதடு மாதிரி. அவள் தோலைத் தொட்டுப் பார்த்தன. கடிக்கவில்லை. மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கின. பெரியது ஒன்று, முதுகு மரப்பட்டை போல, அவள் கைக்கும் அவர் காலுக்கும் நடுவில் வந்து நின்றது. அவள் அதைத் தள்ளினாள். அது நகரவில்லை. சுற்றிக்கொண்டு தடவினாள்.

கெண்டைக்கால். சதை இருந்தது.

கணுக்கால்.

அதற்குக் கீழே வழவழவென்று இருந்தது. கழுவி வைத்த சங்கைத் தடவுவதுபோல.

"வலிக்குதா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இல்ல," என்றார் வெள்ளத்துரை. இருட்டில் அவர் பல் தெரியச் சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "எல்லாந் தெரியுது. நீ தொடுததும் தெரியுது. இது உன் கைதான?"

"ஆமா."

"வெறுங்கை."

"ஆமாங்க."

வாசலில் வண்டிச் சத்தம் வந்து நின்றது. தண்ணீரைத் துழாவிக்கொண்டு ரமாபாய் ஷட்டருக்குள் குனிகிற அரவம். "யக்கா! வண்டி வந்துட்ச்சு! அய்யாவ இட்டுனு வா, சீக்கிரம்!"

தேவகிருபை கையை இழுத்தாள்.

வரவில்லை. தண்ணீருக்கடியில், அவளுடைய ஆள்காட்டி விரலைச் சுற்றி, மெலிந்து வழவழத்த நாலு கால்விரல் எலும்புகள் ஒவ்வொன்றாக மடங்கி, பிறந்த குழந்தை தாயின் விரலைப் பற்றுவதுபோல இறுகப் பற்றிக்கொண்டன.